மூளையின் இரும்புப் பெட்டகம்

தில்லி மாநகரின் தெற்கே மெஹ்ரோலியில், குதுப் மினாரின் அருகில் நிற்கும் இரும்புத் தூணை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உயரம் 7 மீட்டருக்குச் சற்று மேல். எடை 6 டன்னுக்கு மேல். குப்தர் காலத்துக் கொல்லர்கள் பழுக்கக் காய்ச்சி அடித்து இணைத்த அந்தத் தூண், ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக இருந்துவருகிறது. துரு அதைத் தின்றுவிடவில்லை. இதன் காரணத்தைக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் தூணின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று படிந்துவிட்டது. அந்தப் படலமே உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது என்று அவர் விளக்கினார். தூணில் துருவே இல்லை என்று நாம் வியக்கிறோம். உண்மையில், முறையாகப் படிந்த துருவே அதற்குக் கவசமாயிற்று.

சென்ற குளிர்காலத்தில் என் மகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். தூணைச் சுற்றியுள்ள கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "நம் உடம்பிலும் இரும்பு இருக்கிறதே அப்பா, அது துருப்பிடிக்காதா?" என்று கேட்டாள். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால், அந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டியிருப்பேன். ஆனால் இரும்பின் விஷயத்தில் நான் ஒரு முறை தவறு செய்தவன். அந்தத் தவற்றைச் சொல்லிவிட்டே பொருளுக்கு வருகிறேன்.

முதியோருக்கு வரும் மறதி நோயைப் பற்றிய ஒரு சிறு பிரசுரத்தைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. ஆங்கிலத்தில் டிமென்ஷியா என்பதை நம் வீடுகளில் புத்தித் தடுமாற்றம் என்போம். இலங்கைத் தமிழர் அறளை பெயர்தல் என்று அழகாகச் சொல்வர். அந்த நோயின் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். அந்நோய் கண்ட மூளையில், இரும்பைக் கையாளும் ஒழுங்கு குலைகிறது என்ற பொருளில் மூலத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை நான், "மூளையில் இரும்புச்சத்து மிகுவதால்" என்று எழுதிவிட்டேன். சுருக்கமாக இருந்தது, படிக்கவும் எளிது. கைப்பிரதியை வீட்டு மேசைமீது வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் என் பெரியம்மா இருக்கிறார். வயது 79. அல்சைமர் நோய் என்று மருத்துவர் சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாலை ஐந்து மணியானால் வாசலுக்கு வந்து, "தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டானா?" என்று கேட்பார். அவர் கேட்கும் தம்பி, என் மாமா, காலமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த நோயை நாள்தோறும் கண்ணெதிரே பார்க்கும் ஒருத்தி என் கைப்பிரதியைப் படித்தால் என்ன செய்வாள்? என் மனைவி ஒன்றும் சொல்லாமல் மகளின் இரும்புச்சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டாள். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல மாத்திரையையும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதங்கள் கழித்து, காலை வழிபாட்டில் நின்றுகொண்டிருந்தபோது பெண் மயங்கி விழுந்தாள். சோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.9. அவள் வயதில் 12 இருக்கவேண்டும்.

நரம்பியல் மருத்துவராக இருக்கும் என் கல்லூரித் தோழரிடம் ஓடினேன். கைப்பிரதியை வாங்கிப் படித்தவர், "மிகுதி என்று யார் சொன்னது? வாக்கியத்தில் அந்தச் சொல்லே இல்லையே!" என்றார். அன்று அவர் எனக்குச் சொல்லத் தொடங்கியதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் 3 அல்லது 4 கிராம் தேறும். ஓர் ஆணிக்கு ஆகும். அதில் மூன்றில் இரு பங்கு இரத்தத்தின் ஹீமோகுளோபினில் அமர்ந்து பிராணவாயுவைச் சுமக்கிறது. எஞ்சியது தசையிலும் ஈரலிலும் எலும்பின் உட்சோற்றிலும் பரவிக் கிடக்கிறது. இரும்பு இல்லாமல் உயிரணு மூச்சுவிட முடியாது. ஆயினும் கட்டின்றித் திரியும் இரும்பைப்போல் உயிரணுவுக்குப் பகையும் வேறில்லை. 1894-இல் கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் என்னும் இரசாயன அறிஞர், இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேரும்போது டார்டாரிக் அமிலம் சிதைவதை விவரித்தார். டார்டாரிக் அமிலம் வேறொன்றுமில்லை. நம் புளியில் இருக்கும் அமிலமே. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒவ்வோர் உயிரணுவிலும் நாள்தோறும் சிறிதளவு விளைகிறது. கரையும் நிலையிலுள்ள இரும்பு அதைத் தொட்டால், ஹைடிராக்சில் எனப்படும் முரட்டுத் துணுக்கு ஒன்று பிறந்து, எதிர்ப்படும் கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் தாக்குகிறது. ஃபென்டன் கண்ணாடிக் குடுவையில் கண்டதே உயிரணுவிலும் நடக்கிறது.

இந்த அபாயத்துக்கு உடல் கண்ட உபாயம்தான் ஃபெரிட்டின் என்னும் புரதம். 1937-இல் செக்கோஸ்லோவாகிய விஞ்ஞானி வில்லெம் லௌஃப்பெர்கர் இதைக் குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்தார். இலத்தீனில் இரும்புக்கு ஃபெர்ரம் என்று பெயர், அதிலிருந்து ஃபெரிட்டின். இருபத்துநான்கு புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, உள்ளே கூடான ஓர் உருண்டையாகின்றன. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய பேழைக்குள் 4,500 இரும்பணுக்கள்வரை அடங்கும்!

அதன் வேலைமுறை சுவையானது. துண்டுகளில் இரண்டு வகை. கனத்த துண்டு, கரையும் நிலை இரும்பைப் பிடித்து, பிராணவாயுவின் துணையால் துருவின் நிலைக்கு மாற்றுகிறது. இலகுவான துண்டு, மாறிய இரும்பு பேழைக்குள் படிகமாய் அடுக்கப்பட உதவுகிறது. உள்ளே சேர்வது ஃபெரிஹைட்ரைட் எனும் கனிமம். துருவில் ஒரு வகை என்றே சொல்லலாம். அதனோடு பாஸ்பேட்டும் கலந்திருக்கும். ஆகவே என் மகளின் கேள்விக்கு விடை: ஆம், நம் உடம்பின் இரும்பும் துருப்பிடிக்கிறது. துருப்பிடிப்பதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். துருவாகிப் பேழைக்குள் கிடக்கும் இரும்பால் கேடில்லை.

சேர்த்து வைத்தால் போதுமா? வேண்டும்போது எடுக்கவும் வேண்டும். பேழையை உயிரணுவின் செரிமான அறைக்கு இட்டுச் சென்று உடைத்து, இரும்பை வெளியே விடும் வழிகாட்டிப் புரதம் ஒன்று இருப்பதை 2014-இல் கண்டறிந்தனர். அதற்கு என்.சி.ஓ.ஏ.4 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் விஞ்ஞானிகளிடம் எனக்குள்ள குறை இதுதான்: இத்தனை அருமையான பணியைச் செய்யும் ஒன்றுக்கு மோட்டார் வண்டியின் எண்ணைப்போல் பெயர் வைக்கிறார்களே!

இனி மூளைக்கு வருவோம். மூளைக்கு இரும்பு எதற்கு? மூளையின் எடை உடலில் ஐம்பதில் ஒரு பங்கு. அது செலவிடும் ஆற்றலோ ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆற்றலை விளைவிக்கும் நுண்ணிய உலைகளில் இரும்பு வேண்டும். நரம்பிழைகளின் மேல் மின்கம்பிக்கு உறைபோல் அமையும் மையலின் என்னும் கொழுப்புறையை நெய்யவும் இரும்பு வேண்டும். டோபமின், செரோட்டோனின் முதலிய செய்தித் தூதுப் பொருள்களை ஆக்கும் நொதிகளுக்கும் அது வேண்டும். பிள்ளைப் பருவத்தில் இரும்பு குறைந்தால் கற்கும் திறன் குன்றுகிறது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் மூளைக்குள் இரும்பு தாராளமாக நுழைந்துவிட முடியாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே நுண்குழல்களின் சுவர் ஒரு சுங்கச் சாவடிபோல் நிற்கிறது. இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்னும் வேறொரு புரதம் இரண்டிரண்டு இரும்பணுக்களாகச் சுமந்து வருகிறது. சாவடியின் சுவரில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. தேவையின் அளவே உள்ளே செல்கிறது. இன்று கீரை மிகுதியாக உண்டால் நாளை மூளையில் இரும்பு ஏறிவிடும் என்பதற்கு இடமில்லை.

1958-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களான ஹால்கிரென், சௌராண்டர் இருவரும், இறந்தோரின் மூளைகளைப் பகுதி பகுதியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள இரும்பை அளந்தனர். பிறக்கும்போது மிகச் சொற்பம்; முதல் இருபது, முப்பது ஆண்டுகளில் விரைந்து ஏறுகிறது; பிறகு மெல்ல ஏறுகிறது அல்லது நிலைத்துவிடுகிறது. மூளையின் ஆழத்தில், இயக்கத்தைச் சீர்செய்யும் வெளிறிய உருண்டை எனப் பொருள்படும் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் இரும்பு இருந்தது. ஈரலில் இருப்பதைவிட அது மிகுதி. நோயில்லாத மூளையின் நிலை இது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். வயதான மூளையில் இரும்பு இருப்பதே நோயன்று.

அல்சைமர் நோயின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1901-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவரைப் பரிசோதித்தவர் அலாய்ஸ் அல்சைமர். 1906-இல் அப்பெண்மணி இறந்தபின், அவர் மூளையை வெள்ளி உப்புச் சாயமிட்டு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவங்களையும் உள்ளே இழை முடிச்சுகளையும் கண்டார். அதே ஆண்டு நவம்பரில் தூபிங்கன் நகரில் அதைப் பற்றிப் பேசினார். கூட்டத்தில் பெரிய வரவேற்பு எதுவும் கிட்டவில்லை. 1910-இல் கிரேப்பெலின் தம் பாடநூலில் நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். படிவங்கள் பீட்டா அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனவை என்பதும், முடிச்சுகள் டாவ் என்னும் புரதத்தால் ஆனவை என்பதும் 1980-களில்தான் தெளிவாயின.

இரும்பு இந்தக் கதைக்குள் எப்போது வந்தது? 1867-இல் மாக்ஸ் பெர்ல்ஸ் என்ற ஜெர்மானியர், திசுவிலுள்ள இரும்பை ஆழ்ந்த நீலமாகக் காட்டும் சாயமுறையை வகுத்திருந்தார். ஓவியர்களின் பிரஷ்ய நீலம்தான் அது. 1953-இல் குட்மன் என்ற மருத்துவர், இந்நோய் கண்ட 23 பேரைப் பற்றிய ஆராய்ச்சியில் மூளையிலுள்ள இரும்புப் படிவுகளை எடுத்துரைத்தார். 1990-இல் இன்னும் துலக்கமான செய்தி வந்தது. அமிலாய்டுப் படிவங்களில் ஃபெரிட்டின் கலந்திருக்கிறது என்றும், படிவத்தைச் சூழ்ந்து நிற்கும் மைக்ரோகிளியா உயிரணுக்களில் அது நிறைந்திருக்கிறது என்றும் கண்டனர். மைக்ரோகிளியா என்பவை மூளையின் துப்புரவுப் பணியாளர்கள். குப்பை சேர்ந்த இடத்தில் அவர்கள் கூடுவது இயல்பே. குப்பையோடு வரும் இரும்பை வாங்கிப் பேழைக்குள் போட்டு வைக்கிறார்கள். அங்ஙனமாயின் அந்த ஃபெரிட்டின் குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்துக்கு வந்த காவலரா? இந்தக் கேள்வி இன்னும் முழுவதும் தீரவில்லை. நான் படித்த அளவில் அது காவலராய் வந்து, நாளடைவில் சுமை தாங்காமல் தளர்ந்த ஒன்றாகவே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு ஆதரவாக ஓர் அழகிய உண்மை உண்டு. உயிரணுவில் இரும்பு கூடும்போது ஃபெரிட்டினும் கூடுதலாக ஆக்கப்படவேண்டும் அல்லவா? அதற்கு ஃபெரிட்டினை ஆக்கும் கட்டளை இழையின் தலைப்பில் ஒரு சிறு கொண்டை வளைவு இருக்கிறது. இரும்பு குறைந்திருக்கும்போது காவல் புரதம் ஒன்று அதைப் பற்றிக்கொண்டு கட்டளையைப் படிக்கவிடாமல் தடுக்கிறது. இரும்பு வந்ததும் பிடி தளர்கிறது, பேழைகள் உருவாகின்றன. அமிலாய்டின் தாய்ப் புரதத்தை ஆக்கும் கட்டளை இழையிலும் இத்தகைய அமைப்பு ஒன்று இருப்பதாக 2002-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். இரும்புக்கும் அமிலாய்டுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று என்ற ஐயம் அதனால் வலுப்பெற்றது.

2012-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார், இரும்பின் துணையால் உயிரணுவின் கொழுப்புச் சவ்வுகள் சீர்கெட்டு அணு மடியும் ஒரு தனி வகை இறப்பை விவரித்து, அதற்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டனர். எண்ணெய் நெடுநாள் கிடந்தால் சிக்குப் பிடிக்கிறதே, அதை ஒத்த மாறுதல் உயிரணுவின் சுவரில் விரைந்து நடப்பதாக எண்ணிக்கொள்ளலாம். மூளை கொழுப்பு மிகுந்த உறுப்பு. எனவே இந்தக் கண்டுபிடிப்பு நரம்பியலாரின் கவனத்தை உடனே ஈர்த்தது.

2015-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆராய்ச்சியாளர்கள், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவத்திலுள்ள ஃபெரிட்டினை அளந்து ஒரு முடிவை வெளியிட்டனர். நல்ல நினைவுடையோர், இலேசான தடுமாற்றம் கண்டோர், நோய் முற்றியோர் என 302 பேரின் அளவுகள். அவர்களை ஏழாண்டுகள்வரை தொடர்ந்து பார்த்தனர். தொடக்கத்தில் அத்திரவத்தில் ஃபெரிட்டின் மிகுந்திருந்தவர்களின் அறிவாற்றல் பின்னாளில் தாழ்ந்தே இருந்தது; தடுமாற்ற நிலையிலிருந்து அல்சைமர் நோய்க்கு மாறுவதையும் அந்த அளவு முன்கூட்டிக் காட்டியது. இந்நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறுகளில் ஒன்றாகிய ஏ.பி.ஓ.ஈ.4 உடையவர்களிடம் அந்த ஃபெரிட்டின் கூடுதலாகவும் இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ச் சோதனைச்சாலைகளில் ஃபெரிட்டின் என்று ஒரு சோதனை செய்கிறார்கள். அது இரத்தத்தில் எடுப்பது. உடலின் இரும்புக் கையிருப்பை அறிய உதவுவது. வளர்ந்தவருக்கு ஒரு லிட்டரில் 15 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புக் குறை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. உடலில் காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் இரும்பு கூடாமலே அந்த எண் ஏறிவிடும். தண்டுவடத் திரவத்தில் அளந்ததும் இதுவும் ஒன்றல்ல. இரத்தச் சோதனைத் தாளில் ஃபெரிட்டின் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, மூளை கெட்டுவிட்டது என்று யாரும் உறக்கம் இழக்க வேண்டியதில்லை.

பேழை தானே பழுதானால் என்னாகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பிரியா என்ற வட்டாரத்துக் குடும்பங்களில், நடுவயதில் கைகால்கள் தாமே ஆடுவதும் முறுக்கிக்கொள்வதுமான நோய் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. 2001-இல் அதன் காரணத்தைக் கண்டனர். ஃபெரிட்டினின் இலகுவான துண்டை ஆக்கும் மரபுக் கட்டளையில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்திருந்தது. ஓரெழுத்துப் பிழை! அதனால் துண்டின் நுனி கோணலாகி, பேழை சரிவர மூடுவதில்லை. மூளையின் ஆழ்பகுதிகளில் இரும்பும் பழுதான ஃபெரிட்டினும் குவிகின்றன. அது அல்சைமர் நோயன்று, வேறு நோய். ஆயினும் உணவில் இரும்பு கூடாமலே, பெட்டகத்தின் பழுது ஒன்றே மூளையைக் கெடுக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். எழுத்துப் பிழையின் விளைவை வீட்டிலேயே கண்ட எனக்கு, இந்தச் செய்தியைப் படித்தபோது உடல் சிலிர்த்தது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மூளையில் தவறான இடத்தில் இரும்பு சேர்கிறது என்றால், அதை எடுத்துவிட்டால் என்ன? எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணம். மருத்துவர்களுக்கும் தோன்றியது.

முதல் முயற்சி 1991-இல் கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வெளியாயிற்று. 48 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு டெஸ்ஃபெரியாக்சமின் என்னும் மருந்தை இரண்டு ஆண்டுகள் ஊசியாகப் போட்டனர். உண்மையில் அவர்கள் நீக்க எண்ணியது அலுமினியத்தை. ஆனால் அந்த மருந்து இரும்பையும் இறுகப் பற்றக்கூடியது. மருந்து பெற்றவர்களின் அன்றாடச் செயல்திறன் தேயும் வேகம், பெறாதவர்களின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. நம்பிக்கை பிறந்தது. ஆனால் சோதனை சிறியது. ஊசியோ நாளுக்கு இரண்டு முறை, வாரத்துக்கு ஐந்து நாள். அதைத் தொடர்ந்து பெரிய சோதனை எழவில்லை.

பிறகு வாய்வழி உட்கொள்ளும் மருந்து ஒன்றின்மேல் கண் விழுந்தது. டெஃபெரிப்ரோன் என்பது அதன் பெயர். தலசீமியா நோயால் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளின் உடலில் குவியும் இரும்பை நீக்குவதற்கு வந்த மருந்து இது. உலகில் முதன்முதலாக இதற்கு விற்பனை அனுமதி கிடைத்தது நம் இந்திய நாட்டில், 1990-களில். அக்குழந்தைகள் பலருக்கு அது உயிர்காத்த மருந்து. மூளையின் சுங்கச் சாவடியையும் அது கடக்கும். எனவே மூளை நோய்களுக்கும் அதைச் சோதித்தனர்.

2022-இல் பார்க்கின்சன் நோய்க்கான சோதனையின் முடிவு வந்தது. ஐரோப்பாவில், புதிதாக நோய் கண்டு வேறு மருந்து தொடங்காத 372 பேர்; 36 வாரங்கள். படம் பிடித்துப் பார்த்ததில் மூளையின் இரும்பு குறைந்திருந்தது. நோயாளிகளின் நிலையோ, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட மோசமாயிற்று. டோபமினை ஆக்கும் நொதிக்கே இரும்பு தேவை என்று முன்பு சொன்னேன் அல்லவா? ஏற்கெனவே டோபமின் வற்றிவரும் மூளையில், அதை ஆக்கும் கருவியையும் பிடுங்கியதுபோல் ஆயிற்றோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர்.

அல்சைமர் நோய்க்கான சோதனை ஆஸ்திரேலியாவில் நடந்தது. முடிவு 2024-இல் வெளியாயிற்று. நோயின் தொடக்க நிலையிலிருந்த 81 பேர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளை, ஓராண்டுக் காலம். நினைவின் உறைவிடமாகிய, கடற்குதிரை வடிவம் கொண்ட ஹிப்போகேம்பஸ் பகுதியில் இரும்பு குறைந்தது. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் மருந்து உண்டவர்களின் அறிவாற்றல், உண்ணாதவர்களுடையதைவிட விரைவாகத் தாழ்ந்தது. திட்டமிடுதல், முடிவெடுத்தல் போன்ற திறன்கள் மிகுதியும் பாதிக்கப்பட்டன. தண்டுவடத் திரவத்து ஃபெரிட்டினைப் பற்றி 2015-இல் நமக்குச் சொன்ன ஆராய்ச்சியாளர்களே இந்தச் சோதனையையும் முன்நின்று நடத்தினர். தங்கள் எண்ணத்துக்கு மாறான முடிவை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தது அவர்களுடைய நேர்மை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரு வீட்டில் தானியக் குதிர் ஓட்டையாகி, நெல் தரையில் சிந்துகிறது, எலி வருகிறது. எலிக்குப் பயந்து நெல் முழுவதையும் வெளியே கொட்டிவிட்டால் எலி போய்விடும். வீட்டாரும் பட்டினி கிடப்பார்கள். மருந்து பேழைக்கு வெளியே சிந்திய இரும்பை மட்டும் எடுக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்த இரும்பையும் எடுத்துவிட்டது என்பது ஒரு விளக்கம். அல்சைமர் மூளையில் ஓரிடத்தில் இரும்பு குவிந்திருக்கும்போதே, வேறிடத்தில் நரம்பணு இரும்புக்கு ஏங்கிக் கொண்டிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. எப்படியாயினும், "மூளையில் இரும்பு மிகுவதால்" என்று நான் எழுதிய வாக்கியம் தவறு என்பதற்கு இந்த 81 பேரின் ஓராண்டே சான்று. மிகுதி என்பது உண்மையாக இருந்திருந்தால், குறைத்ததும் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று ஆராய்ச்சி வேறு வழிகளில் செல்கிறது. இரும்பை வெளியேற்றாமல், அது கொழுப்பைச் சீர்கெடுக்கும் அந்த ஒரு படியை மட்டும் தடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். உயிரோடிருப்பவரின் மூளை இரும்பைக் காந்தப் படக் கருவியால் அளக்கும் முறைகளும் செப்பம் பெற்றுவருகின்றன. அமிலாய்டுப் படிவங்களைத் துடைக்கும் லெக்கனமாப் என்னும் ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2023-இல் முழு அனுமதி கிடைத்தது. அது நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது, நிறுத்துவதில்லை.

நம் நாட்டின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 பேர். இவர்களுடைய குறை இன்றைய குறை. பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. மருத்துவர் சொற்படி அதை உண்ணும் பெண்ணுக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து அதனால் மறதி நோய் வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று என் தோழர் என் மனைவியை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். பின்னர் என்னைப் பார்த்து, "பயமுறுத்தியது நோயில்லை, நீ" என்றார். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கைப்பிரதி அச்சுக்குப் போகும்முன் திரும்பப் பெற்றேன். "மிகுவதால்" என்பதை அடித்துவிட்டு, "மூளை தன் இரும்பைச் சேர்த்துவைத்தும் எடுத்தும் கையாளும் ஒழுங்கு குலைவதால்" என்று எழுதினேன். வாக்கியம் நீண்டுவிட்டது. மேலே பார்த்தவர் சுருக்கச் சொன்னார், மாட்டேன் என்றேன். பதினெட்டு ஆண்டுப் பணியில் நான் மாட்டேன் என்றது அதுவே முதல் முறை. அடியில், இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தலாகாது என்று மற்றொரு வரியும் சேர்ந்தது.

மகள் மீண்டும் மாத்திரை உண்ணத் தொடங்கினாள். ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1 ஆயிற்று. மெஹ்ரோலியிலிருந்து நாங்கள் வீடு திரும்பியபோது மணி ஐந்தரை. பெரியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "தம்பி வந்துவிட்டானா?" என்றார். "வந்துகொண்டே இருக்கிறார் பாட்டி, வாருங்கள், காப்பி குடிக்கலாம்" என்று மகள் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.